நிறுத்திக் காட்டுங்க

பொத்தையடி மடத்து டிராக்டர் மழை பெய்த மறுநாள் காலையில்தான் படுத்துக்கொண்டது.

நல்ல மழை. வெகுகாலம் போக்குக் காட்டிவிட்டு ஒரே இரவில் கொட்டித் தீர்த்திருந்தது. மடத்துக்குப் பின்னால் கிடந்த மானாவாரி நிலம் உழவுக்கு ஏற்ற பதத்தில் இருந்தது. இன்றோ நாளையோ உழுது உளுந்து விதைத்துவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் காற்று ஈரத்தைக் குடித்துவிடும். மடத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காலையில் ஊற்றுகிற கஞ்சி அந்த நிலத்து உளுந்தில் காய்ச்சியது.

டிராக்டர் ஓட்டுகிறவர் ஆவுடையப்பன். அறுபதைத் தாண்டியவர். தென்காசியில் புரோட்டாக் கடை வைத்திருந்தவர். அந்தக் கடைக்குப் பாதிப் பேர் சால்னாவுக்காக வந்தார்கள், மீதிப் பேர் ஆவுடையப்பனோடு பேசிச் சிரிக்க வந்தார்கள். கல்லாவில் உட்கார்ந்து அவர் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். மகன்கள் தலையெடுத்ததும் கடையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, ஞானம் தேடி மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தின் குரு உலகம்மை. நாற்பது வயதுதான் இருக்கும். எல்லோருக்கும் அவர் அம்மா. ஆனால் அம்மா, ஆவுடையப்பனை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். குரு தன்னை அப்படிக் கூப்பிடுவது ஆவுடையப்பனுக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

வந்த புதிதில் ஆவுடையப்பன் டீயை விட்டார். அப்புறம் உப்பை விட்டார். அரட்டையை விட்டார். ஞானம் தேடுகிறவன் கடைக்காரன் மாதிரி சிரித்துக்கொண்டு திரியலாமா என்று தோன்றவே, சிரிப்பையும் விட்டார். யாரும் விடச் சொல்லவில்லை. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டால், துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு இருமுவார்.

அன்று காலையில் டிராக்டரின் சாவியைத் திருப்பினார். செல்ப் எடுத்தது, இன்ஜின் சுற்றியது. ஆனால் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். மறுபடி சுற்றியது. பிடிக்கவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் பேச்சிமுத்து வரப்பில் நின்று பார்த்தார். அவரும் உழவுக்கு இந்த டிராக்டரைத்தான் நம்பியிருந்தார். பேட்டரியில் சத்தில்லை என்றார். அவர் வீட்டு பேட்டரியைத் தூக்கி வந்து மாட்டினார்கள். இன்ஜின் முன்னைவிட வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான். டீசலில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார். டீசலை மாற்றினார்கள். பில்டரைக் கழற்றிக் கழுவினார்கள். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றினார்கள். பம்பு வரைக்கும் டீசல் நன்றாகத்தான் வந்தது.

வெயில் ஏறியது. ஆவுடையப்பனின் வேட்டியில் வெள்ளை என்று சொல்ல ஓர் இடம் மிச்சமில்லை.

கடைசியில் பேச்சிமுத்து, பம்புதான் போய்விட்டது என்று தீர்த்துச் சொன்னார். கழற்றித் தென்காசிக்குக் கொண்டுபோனால் திரும்பி வர நாலைந்து நாளாகும். அதற்குள் ஈரம் போய்விடும். இருந்தாலும் வேறு வழியில்லை. அவர் ஸ்பானர் எடுத்துவர வீட்டுக்குப் போனார்.

அம்மா மோர் கொண்டு வந்தார். டிராக்டர் நிழலில் உட்கார்ந்து ஆவுடையப்பன் வாங்கிக் குடித்தார். வெகுநாளாக மனசில் கிடந்தது அந்த அலுப்பில் வாய்க்கு வந்துவிட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"நானும் ஒண்ணொண்ணா எல்லாத்தையும் விட்டுட்டேன். விடியுமுன்ன எந்திரிக்கேன், ஜெபம் பண்ணுதேன், கண்ண மூடி உக்காருதேன். ஆனந்தம் ஆனந்தம்னு சொல்லுதீங்களே, அது மட்டும் எனக்குள்ள பிடிக்கவே மாட்டேங்குது. உள்ள சும்மா சுத்திக்கிட்டுத்தான் கெடக்கு. இன்னும் என்னத்த விடணும்?"

அம்மா கையை நீட்டினார். காலித் தம்ளரை வாங்கிக்கொண்டார். டிராக்டரை ஒருமுறை சுற்றி வந்தார். அவருக்கு டிராக்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இது கடைசியா ஒழுங்காச் செஞ்ச வேலை என்ன?" என்று கேட்டார்.

ஆவுடையப்பன் யோசித்தார். மழைக்கு முந்தின நாள் விறகு ஏற்றி வந்தது. கொட்டகைக்கு வெளியே, இதே இடத்தில் கொண்டுவந்து விட்டார். நிறுத்தினார். நின்றது.

"நின்னுச்சு அம்மா. அதுதான் கடைசி."

"அப்ப அதச் செஞ்சு காட்டுங்க."

"எத?"

"நிறுத்திக் காட்டுங்க."

ஓடாத வண்டியை எப்படி நிறுத்துவது? ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துண்டு கையோடு இருந்ததால் இருமிச் சமாளித்தார். ஆனாலும் குரு சொல்லிவிட்டார். ஏறி உட்கார்ந்தார்.

அந்தப் பழைய வண்டியை நிறுத்த, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் உண்டு. வெளியே இழுத்தால் டீசல் அடைபட்டு இன்ஜின் அடங்கிவிடும். உள்ளே தள்ளிவிட்டால்தான் மறுபடி கிளம்பும். காலையிலேயே அவர் அதைப் பார்த்துவிட்டார். குமிழ் உள்ளேதான் இருந்தது.

"இத இழுத்தா ஒரு கம்பி போயி பம்புல இருக்க சின்ன நெம்புகோல இழுக்கும், அம்மா. வண்டி நின்னுரும்."

அம்மா பம்புக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். "இழுங்க."

இழுத்தார்.

"தள்ளுங்க."

தள்ளினார்.

"இன்னொரு தடவ."

இழுத்தார், தள்ளினார்.

"அண்ணாச்சி, நீங்க அங்க இழுக்கீங்க, தள்ளுதீங்க. இங்க ஒண்ணும் அசையலியே."

ஆவுடையப்பன் இறங்கி வந்து பார்த்தார். கம்பி நெம்புகோலிலிருந்து கழன்று தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று நிறுத்தும்போது வேகமாக இழுத்திருக்கிறார். நெம்புகோல் அந்த இழுப்பில் போன இடத்திலேயே பழைய துருவில் சிக்கி நின்றுவிட்டது. பேட்டரியை மாற்றியபோதும், பில்டரைக் கழுவியபோதும், வண்டி நிறுத்தியபடியேதான் இருந்திருக்கிறது.

கட்டைவிரலால் அதை அழுத்தினார். முதலில் முரண்டு பிடித்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி அழுத்தினார். டக்கென்று பழைய இடத்துக்கு வந்தது.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

அந்த நேரம் பார்த்து பேச்சிமுத்து வந்தார். இந்த இடைவெளியில் குளித்து, சலவை வேட்டி சட்டை உடுத்தியிருந்தார், பம்பைக் கழற்றிய கையோடு தென்காசிக்குப் பஸ் ஏறும் யோசனையில். வண்டி மூக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இனிமேல் திருப்பிப் பிரயோஜனமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. புகைக்குழாய்க்குள் தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீரெல்லாம் கரியோடு கரியாக மேலே கிளம்பி, பேச்சிமுத்துவின் தலையில் விழுந்தது.

பேச்சிமுத்து அப்படியே நின்றார். கண் இரண்டும் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன. பம்புல கோளாறு இல்ல போல, என்றார்.

ஆவுடையப்பன் சிரித்துவிட்டார். வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு. புளியமரத்துக் காக்கைகள் பறந்தன. ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். நிமிர்ந்து பேச்சிமுத்துவைப் பார்த்தார், திரும்பவும் சிரித்தார். கரி முகத்தோடு பேச்சிமுத்துவும் சேர்ந்துகொண்டார். மடத்துக்குள் ஜெபத்தில் இருந்தவர்கள் என்னமோ ஏதோ என்று வெளியே வந்து பார்த்தார்கள்.

அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு அம்மா நிற்பது நினைவுக்கு வந்தது. சட்டென்று துண்டை எடுத்து வாயைப் பொத்தினார். இருமினார்.

"மன்னிச்சிருங்க அம்மா. என்னையறியாம வந்துட்டு."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பத்தான புடிச்சுது, அண்ணாச்சி. அதுக்குள்ள இழுத்துட்டீங்களே."

ஆவுடையப்பன் பதறிப்போய்க் குமிழைப் பார்த்தார். அது உள்ளேதான் இருந்தது. வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வாயில் துண்டோடு அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.