ஏரியில் உப்பிட்டவன்

முன்னொரு காலத்தில், ஊர் ஏரியில் ஒரு கை நீர் அள்ளிக் குடிக்காமல் சிம்மாசனத்தில் உட்காராத ராஜா ஒருவர் இருந்தார். மழை பொய்த்த மூன்றாம் கோடையில் ஏரி பாதியாகச் சுருங்கியது. ஒரு நாள் காலை, ராஜா அள்ளிக் குடித்த நீரைத் தூவென்று துப்பினார்.

"உப்பு! என் ஏரியில் எவனோ உப்பைக் கொட்டியிருக்கிறான்!"

ஏரிக்கு மேலே மேட்டில் நீல அவுரிச் சாயப் பட்டறை வைத்திருந்த தளவாய் வீரபூபதி முந்திக்கொண்டார். "கரையில் தங்கியிருக்கும் உப்புக்காரி செங்காயிதான், பிரபு. வேறு யார்?"

"உப்பை விற்கிறவ நான், சாமி. தண்ணியில கொட்டிட்டா எதை வித்துத் திம்பேன்?" என்று அழுதாள் செங்காயி. ராஜா கேட்கவில்லை. அவளை நாடு கடத்தச் சொன்னார்.

அரசவை விகடன் அம்பலத்தானுக்கு மனசு கேட்கவில்லை. இதே கரையில் மீன்களுக்குப் பொரி போட்ட சிறுபிள்ளை ராஜாவை அவன் பார்த்தவன். இது கோபமல்ல, துக்கம் என்று அவனுக்குத் தெரிந்தது.

"உப்பிட்டவனை நான் பிடித்துத் தருகிறேன், பிரபு."

"நாளை மாலைக்குள் என் முன் நிறுத்து. இல்லையேல் அவளோடு நீயும் போ!"

"உப்புக்காரியின் கழுதை மேய்க்க ஆள் கிடைத்துவிட்டது" என்றார் தளவாய். சபை சிரித்தது. அம்பலத்தானும் சிரித்தான். சிரிக்க வைக்கிறவனின் பயத்தை யாரும் நம்புவதில்லை.

மறுநாள் காலை அரண்மனை முற்றத்தில் அகன்ற பித்தளைத் தட்டு ஒன்றில் ஏரி நீரை ஊற்றினான். சுற்றிலும் உருவிய வாளோடு நான்கு காவலர். மாலையில் ராஜா வந்து பார்த்தபோது தட்டில் நீர் இல்லை. ஓரமெல்லாம் வெள்ளை உப்பு, நடுவே நீலக் கறை.

அம்பலத்தான் மேற்கே கை நீட்டினான். "அதோ நிற்கிறான், பிரபு. தண்ணீரை மட்டும் குடிப்பான், உப்பை மிச்சம் வைப்பான். மூன்று கோடையாக ஏரியிலும் இதே வேலைதான். நாடு கடத்தவும் வேண்டாம், தானே எல்லை தாண்டப் போகிறான். விடிந்ததும் திரும்பி வந்துவிடுவான், அதுதான் தொல்லை."

சூரியனைப் பார்த்த ராஜாவின் உதடு துடித்தது. "சரி, இந்த நீலம்?"

"சூரியன் சாயம் காய்ச்சுவதில்லை, பிரபு."

தளவாய் தம் நீலத் தலைப்பாகையை மெல்லக் கழற்றி முதுகுக்குப் பின்னே மறைத்தார். ராஜா வெடித்துச் சிரித்தார். பட்டறையிலிருந்து ஏரிக்கு இறங்கிய சாயக் கால்வாய் அன்றே அடைபட்டது. ஏரியைத் தூர்வாரும் வேலை தளவாய் தலையில் விழுந்தது. செங்காயிக்குப் புதுச் சேலை, அம்பலத்தானுக்குத் தங்கக் காப்பு.

மறுநாள் காலை, முதல் கை நீரை ராஜா அவனுக்கே கொடுத்தார். "எப்படி இருக்கிறது?"

"மழை வரட்டும், பிரபு. அதுவரை கஞ்சிக்கு உப்புப் போட வேண்டியதில்லை."

ராஜா சிரித்த சிரிப்பில், அவர் தமக்கென்று அள்ளிய நீரெல்லாம் ஏரிக்கே திரும்பிப் போயிற்று.