செங்கோடன் போட்ட கட்டு

எங்கள் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை என்றால் வீக்கத்துக்காரர்கள் நாள். கால் வீங்கினவர்கள், கை வீங்கினவர்கள், கூட வந்தவர்கள் என்று முப்பது பேருக்குக் குறையாது. டோக்கன் கொடுப்பது நான். கட்டுப் போடுவதும், போடக் கற்றுக்கொடுப்பதும் தபிதா டீச்சர். பிசியோதெரபிஸ்ட் என்று முழுசாகச் சொல்ல இங்கே யாருக்கு நேரம் இருக்கிறது? கற்றுக்கொடுக்கிறார், அதனால் டீச்சர். முப்பத்து மூன்று வயசுதான். சொன்னதையே நாளெல்லாம் சொல்லிச் சொல்லி அவர் குரலே தேய்ந்து போயிருந்தது.

அன்றைக்கு முதல் டோக்கன் வாங்கினவர் செங்கோடன். நாமக்கல் லாரிப் பேட்டையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. லோடு ஏற்றின லாரிக்குத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டுவது அவர் தொழில். அவர் கட்டினது கல்கத்தா போய்ச் சேர்ந்தாலும் ஒரு முடிச்சு அவிழாது என்பார்கள்.

அவர் மனைவி பாவாயிக்கு மார்பில் புற்றுக்கட்டி எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள். அப்புறம் வலது கையில் நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்கிக் கை வீங்க ஆரம்பித்தது. அப்படியே விட்டால் கட்டை போல இறுகிவிடும். சின்னக் கீறல் பட்டாலும் சிவந்து காய்ச்சல் வரும். இரண்டு தடவை அந்தக் காய்ச்சலில் விழுந்து எழுந்தவள் பாவாயி. அதற்குக் கட்டுத்தான் வைத்தியம். அதுவும் ஒரு மாசம், இரண்டு மாசம் இல்லை.

கட்டுப் போடக் கற்றுக்கொண்டதில் செங்கோடனுக்கு ஈடு யாரும் இல்லை. இரண்டே வாரம். "இதுக்கெதுக்குங்க பஸ் ஏறி வரோணும்? கட்டறது என்ர தொழிலுங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஏழு மாசமாக ஆளைக் காணோம்.

இப்போது தனியாக வந்திருந்தார். மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். துவைத்துச் சுருட்டின கட்டுத்துணிகள் உருண்டு வந்தன.

"இந்தாங்க டீச்சர். இல்லாதவங்களுக்குக் குடுத்துருங்க."

"பாவாயி அக்கா எங்கே?"

"வரலீங்க. இனிமே கட்டே வேண்டாமாம். கை என்னமோ ஆகட்டும், என்னைய விட்டுருங்கங்கறா. நேத்து ராத்திரி ஒரே அழுகை. அவிழ்த்து விடுங்க, அவிழ்த்து விடுங்கன்னு கேட்டா, அவிழ்த்து விட்டேன். காலையில கையை நீட்டவே மாட்டேன்னுட்டா."

டீச்சர் துணிகளை ஓரமாக ஒதுக்கினார். நாற்காலியைக் காட்டினார். செங்கோடன் உட்காரவில்லை.

"ஏழு மாசமுங்க டீச்சர். ஒரு நாள் தவறினதில்லை. பேட்டையில லோடு காத்துக் கிடந்தாலும் இவ கையைக் கட்டிட்டுத்தான் கிளம்புவேன். ஒரு சொம்புத் தண்ணி தூக்க விட்டதில்லை. நீ உக்காரு புள்ளே, நானாச்சுன்னு சொல்லிச் சொல்லி... எனக்கே அலுத்துப்போச்சுங்க. அவளுக்கென்ன, சும்மா உக்காந்திருக்கறதுதான வேலை? அதுக்கும் பொறுமையில்லை."

அவர் கண் கலங்கியிருந்தது. கோபக்காரன் அழுதால் பார்க்கச் சங்கடமாக இருக்கும். நான் டோக்கன் கட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"சொல்லுங்க டீச்சர். பொறுமையில்லாதவளுக்கு எப்படித்தான் கட்டறது?"

டீச்சர் தன் வலது கையை மேசைமேல் நீட்டினார்.

"அக்காவுக்குக் கட்டுற மாதிரியே எனக்குக் கட்டுங்க."

"உங்களுக்கா?"

"ஒண்ணும் மாத்தாதீங்க. நேத்து எப்படியோ அப்படியே."

செங்கோடன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தொழில் தெரிந்த கை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பஞ்சுப் பட்டை சுற்றினார். விரல்களில் ஆரம்பித்து மேலே ஏறினார். முழங்கை தாண்டியதும் ஒரு இழுப்பு. அக்குளுக்குக் கிட்டே போனதும் மூச்சைப் பிடித்து இன்னொரு இழுப்பு. கடைசியில் பிளாஸ்திரி ஒட்டவில்லை. துணியின் நுனியை இரண்டாகக் கிழித்து ஒரு முடிச்சுப் போட்டார். லாரிக் கொக்கியில் போடுகிற முடிச்சு.

"முடிச்சு எதுக்கு?"

"பிளாஸ்திரி வேர்வையில விட்டுப் போகுதுங்க. கட்டு கீழ சரியுது. மேல ஒரு பிடி பிடிச்சாத்தான் நிக்கும். ஏழு மாசத்துல ஒரு நாள் சரிஞ்சதில்லைங்க, கேட்டுப் பாருங்க."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

டீச்சர் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "விரல்ல இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. அப்பத்தான் நீர் மேலே ஏறும். நீங்க மேலே கழுத்தை நெரிச்ச மாதிரி இறுக்கிட்டீங்க. நீர் திரும்பவும் கைக்கே இறங்கும்."

"சரியக் கூடாதுன்னுதானுங்க..."

"தெரியுது. தப்பு என்னோடதும்தான். வராம இருந்தீங்க, நானும் விட்டுட்டேன்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. முப்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி யார் யாரைத் தேடிப் போவாள்? ஆனால் டீச்சர் அப்படித்தான். எல்லாத் தப்பிலும் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்.

டீச்சர் தன் கைக்கட்டை என்னை அவிழ்க்கச் சொன்னார். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு நகம் ஒடிந்தது. அதன்பின் டீச்சர் செங்கோடனின் வலது கையை எடுத்து, அதே துணியை, அதே இழுப்போடு சுற்றினார். முடிச்சையும் விடவில்லை.

"மதியம் ஒரு மணி வரைக்கும் அந்த பெஞ்சுல உக்காருங்க. அப்புறம் உங்க கேள்விக்குப் பதில் சொல்றேன்."

"இவ்வளவுதானா? நாளைக்கு வரைக்கும் வேணும்னாலும் இருக்கறனுங்க" என்றார் செங்கோடன்.

அப்போது மணி ஒன்பதரை.

பத்து மணி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தார். பக்கத்தில் இருந்த யானைக்கால்காரரிடம் லாரிக் கதை சொன்னார். டீ வந்தது. டம்ளரை வலது கையில் வாங்கினார். விரல் மடங்கவில்லை. பாதி டீ வேட்டியில் போயிற்று. "அட கெரகமே!" என்று இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

டீச்சர் வேறு நோயாளியின் காலில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். இடையிடையே எழுந்து வந்து செங்கோடனின் விரல் நகத்தை அமுக்கி, நிறம் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். 

பத்தரைக்குச் செங்கோடன் கூப்பிட்டார். "டீச்சர், உள்ளங்கை ஜிவ்வுனு இருக்குதுங்க."

"அக்கா அப்படிச் சொல்லியிருக்காங்களா?"

"அவ எங்க சொல்றா? எப்படியிருக்குன்னு கேட்டா, பரவால்லீங்கம்பா. அவ்வளவுதான்."

"விரலை மடக்கி நீட்டிக்கிட்டே இருங்க. கட்டு இருக்கும்போது கை வேலை செய்யணும். சும்மா வெச்சிருந்தா நீர் எப்படி நகரும்?"

"வேலை செய்யோணுமா? நான் சொம்பைக்கூடத் தூக்க விடலீங்களே!"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. திரும்பவும் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்குச் செங்கோடனின் கதையெல்லாம் நின்றுவிட்டது. கையைத் தூக்கித் தோள்மேல் வைத்துப் பார்த்தார். மடியில் வைத்தார். எழுந்து நடந்தார். திரும்ப உட்கார்ந்தார். விரல்கள் அவித்த கிழங்கு போல உப்பியிருந்தன. அவர் சட்டைப் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. நான் எடுத்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார். வேண்டாம் என்றா, வேணும் என்றா, தெரியவில்லை.

"சாயங்காலம் ஆனா ஜன்னல்கிட்டப் போய் நின்னுக்குவாளுங்க" என்றார் திடீரென்று. என்னிடம்தான் சொன்னார். "கையை ஜன்னல் கம்பி மேல தூக்கி வெச்சுக்கிட்டு நிப்பா. நான் வேடிக்கை பாக்கறான்னு நெனச்சேன். அடி கழுதை, தெருவுல அப்படி என்னத்தடி பாக்கறேன்னு திட்டிக்கூட இருக்கறேன்."

நான் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

ஒரு அம்மாவைத் தள்ளுவண்டியில் வைத்து உள்ளே விட்டுவிட்டு வந்து பார்த்தால், செங்கோடன் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தோள் அசைந்துகொண்டிருந்தது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். அழவில்லை. முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். முடிச்சு விட்டதும் இடது கையால் துணியைப் பரபரவென்று உருவிப் போட்டார். துணி தரையெல்லாம் கிடந்தது. அப்புறம்தான் என்னைப் பார்த்தார். திருடிக்கொண்டிருக்கும்போது பிடிபட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

டீச்சர் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தார். கீழே குனிந்து துணியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"முடியலீங்க டீச்சர்" என்றார் செங்கோடன். "மணி என்ன ஆச்சுங்க?"

"பதினொண்ணே கால்."

"அவ்வளவுதானா?"

தோளுக்குக் கீழே முடிச்சு அழுந்தின இடம் சிவப்பாய் வளையம் கட்டியிருந்தது. அதை விரலால் தடவினார்.

டீச்சர் துணியைச் சுருட்டி முடித்தார். பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குத் தெரிந்து வேலை நேரத்தில் டீச்சர் பெஞ்சில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"எப்படி அவிழ்த்தீங்கண்ணா?"

"இடது கையாலதானுங்க. முடிச்சு மட்டும் வரலை. பல்லால கடிச்சு இழுத்தேன்."

"அக்காவுக்கு வீக்கம் வலது கையிலதானே?"

"ஆமாங்க."

"இடது கை நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்குதுங்க."

"பல்லு?"

செங்கோடன் டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். "இருக்குதுங்க."

"அப்புறம் ஏண்ணா ஏழு மாசமா அவங்க அவிழ்க்கல?"