விளக்கு மாடத்துல அஞ்சு விரல்

ஒரு ஊர்ல ஒரு வீடு இருந்துச்சாம். ஊரு மதுரை. வீடு ஒரு சந்துக்குள்ள. கண்ணு சொக்குதா? ம் கொட்டு, அப்பத்தான் பெரியப்பா சொல்லுவேன்.

"ம்."

அந்த வீட்டைக் கட்டுனவ குருவம்மா. வாசல் பக்கத்துச் செவத்துல விளக்கு மாடம் வச்சுப் பூசுனாங்க. காரை ஈரமா இருக்கறப்போ அவ மகன், உன் வயசுப் பய, உள்ள கையை விட்டு சதக்குன்னு அமுக்கிட்டான். அஞ்சு விரலும் பதிஞ்சிருச்சு. அப்புறம் ஒரு காய்ச்சல்ல அவன் போயிட்டான். விரல் மட்டும் இருந்துச்சு.

அப்புறம் புருசனும் போனான். ஒத்தையில இருக்க முடியாம வீட்டை வித்துட்டு, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. "வெள்ளிக்கிழமை மட்டும் வந்து மாடத்துல விளக்கு வச்சுக்கறேன்"னு வாங்குனவங்ககிட்ட கேட்டா. எதுக்குன்னு சொல்லல. சொன்னா அழுதுருவோம்னு பயம். விளக்கு வைக்கிற சாக்குல கையை உள்ள விட்டு அந்த விரலைத் தடவிக்குவா. அவளுக்கு அது போதும்.

அந்த வீட்டுக்கு மொதல்ல வாடகைக்கு வந்தது ஒரு டாக்டரு. வீடு பூரா மருந்து வாசம். வெள்ளையடிக்க வந்தவன் மாடத்துக்கும் மட்டையைத் தூக்குனான். "தம்பி, அதை மட்டும் விட்ருப்பா"ன்னா. விட்டுட்டான்.

அப்புறம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். டக டக டக... டிங்! மாஸ்டர் மாடத்துல பசை டப்பாவை வச்சுட்டாரு. "வெள்ளிக்கிழமை எடுத்துர்றேம்மா, கோவிச்சுக்காதீங்க"ன்னாரு. எடுத்தாரு.

அப்புறம் மெஸ்ஸு. தோசைக்கல்லு சொய்ங், சொய்ங். நடத்துனவன் ஆண்டியப்பன், தங்கமான ஆளு. "ஆத்தா, ரெண்டு இட்லி சாப்ட்டுட்டுப் போ"ம்பான். "இட்லியாடா இது, செங்கல்லு"ம்பா. ரெண்டு பேரும் சிரிப்பாங்க. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

ஒரு வெள்ளிக்கிழமை, "ஆத்தா, கண்ணை மூடிக்கிட்டு வா"ன்னு கூட்டிட்டு வந்தான். கண்ணைத் தொறந்தா, மாடம் பூரா வெள்ளை டைல்ஸ், புதுப் புள்ளையாரு, சீரியல் லைட்டு மினுக் மினுக். "கரி புடிச்ச காரையெல்லாம் கொத்தி எடுத்துட்டேன். உனக்காகத்தான். எப்படி?"

அவ கையை உள்ள விட்டா. வழவழன்னு இருந்துச்சு.

"நல்லாருக்குய்யா"ன்னா. வேற என்ன சொல்லுவா? விளக்கை ஏத்துனா. கண்ணுல தண்ணி. "பாருங்கடா ஆத்தாவோட சந்தோசத்தை!"ன்னு ஆண்டியப்பன் எல்லாருக்கும் கேசரி குடுத்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவ வரல. அப்புறமும் வரல. "ஆத்தாவுக்கு உடம்புக்கு என்னமோ"ன்னு அவன் வாராவாரம் இலை போட்டு வச்சுப் பாத்துக்கிட்டிருந்தான்.

"பெரியப்பா, அவங்க சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லியிருக்கலாம். இவனும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ரெண்டு பேரும் நல்லவங்கதான், யாரைத் தப்பு சொல்றதுன்னுதான் எனக்கு இன்னும் தெரியல. சரி, கதைக்கும் தூக்கம் வந்துருச்சு. நீயும் தூங்கு.