பாலத்து வழியாக வந்தால் அண்ணாச்சிக்கு

நம்பாவிட்டால் போங்கள். அந்த மாநிலத்தில் எங்கே பார்த்தாலும் ஒரே கட்சிதான். எதிர்க்க ஆளில்லாமல் ஜெயித்து ஜெயித்துச் சலித்துப்போன எம்.எல்.ஏ. பரமானந்தம், டீக்கடை மாசாணத்தைக் கூப்பிட்டார்.

"லேய், என்னை எதிர்த்து நில்லு. ஆனா எனக்குத்தான் ஓட்டுக் கேக்கணும். மாத்திப் பேசுனா உன் கடை இருக்காது."

தலைசுற்றிப்போன மாசாணம் மேடையேறினான். "வாக்குச்சாவடி ஆத்துக்கு அக்கரையில இருக்கு. பரமானந்தம் அண்ணாச்சி கட்டுன பாலத்து வழியா வாறவங்க எல்லாரும் அவருக்கே போடுங்க! தண்ணியில இறங்கி வாறவங்க மட்டும் எனக்குப் போடுங்க!"

தான் பாலம் கட்டவேயில்லை என்பது மறந்துபோய் அண்ணாச்சியே கைதட்டினார். எந்தப் பாலமென்று கூட்டம் முழித்தது.

தேர்தலன்று ஊரே இடுப்பளவு தண்ணீரில் வந்தது. கடைசியில் அண்ணாச்சியும் சொட்டச் சொட்டக் கரையேறினார்.

"சொன்னபடி உங்களுக்குத்தானே கேட்டேன், அண்ணாச்சி?" என்றான் மாசாணம்.

தன் ஓட்டு யாருக்கென்று தெரியாமல் அவர் இன்னும் அங்கேயே நிற்கிறாராம்.