தலைவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காவல்

குடியிருப்போர் சங்கத் தலைவர் குஞ்சிதபாதத்தின் வீட்டுக் கம்ப்யூட்டரில் நூற்றிருபது குடும்பங்களின் வீட்டுப் பத்திர நகல்கள் இருந்தன. அதற்குப் பாதுகாப்பு மென்பொருள் போட, கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் மரகதவல்லி மூன்று வகைகளோடு வந்தாள்.

அவள் வாய் திறக்குமுன் தலைவர் கையை உயர்த்தினார். "நீ பேசாதே. எவனும், எந்தக் காலத்துலயும் உள்ள நுழைய முடியாததா ஒண்ணை எடுத்துப் போடு. அதுக்கு உத்தரவாதம்னு கையெழுத்துப் போட்டுக் குடு. இல்லேன்னா உன் முதலாளிகிட்ட சொல்லி வேலைக்கே வேட்டு வெச்சிடுவேன்."

"யாராவது போன்ல கேட்டா பாஸ்வேர்டைச் சொல்லிடாதீங்க," என்றார் அவர் மனைவி.

"உனக்கென்ன தெரியும்? உள்ள போ."

மரகதவல்லி தலையாட்டிவிட்டு, வண்டியிலிருந்து ஏதோ எடுப்பவள்போல் தெருவுக்குப் போனாள். சற்று நேரத்தில் தலைவரின் போன் அடித்தது.

"மாண்புமிகு தலைவர் ஐயாங்களா? உங்களை மாதிரி பெரியவங்களுக்கு மட்டும் எங்க கம்பெனி அஞ்சு வருஷப் பாதுகாப்பை இலவசமா தருதுங்க. பாஸ்வேர்டைச் சொன்னீங்கன்னா இப்பவே போட்டுடலாம்."

'மாண்புமிகு' என்றதுமே அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

மரகதவல்லி உள்ளே வந்து, போனில் கேட்ட பாஸ்வேர்டை அப்படியே தட்டினாள். நூற்றிருபது குடும்பத்துப் பத்திரங்களும் திரையில் விரிந்தன. தலைவர் கையிலிருந்த போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவளைப் பேசவே விடாதவருக்குக் குரல் எப்படிப் பிடிபடும்?

மூன்றில் விலை குறைந்ததைப் போட்டுவிட்டு அவள் பேனாவை எடுத்தாள்.

"கையெழுத்துப் போடறேங்க ஐயா. கம்ப்யூட்டருக்கு இதுவே போதும். போனை மட்டும் அம்மாகிட்ட குடுத்துடுங்க."