தூங்குமூஞ்சி மரம் மெட்ரோவுக்குப் பெயர் வந்த கதை

அந்தக் காலத்தில், எங்கள் கடற்கரைப் பட்டணத்தில் டிராம் ஓடிக்கொண்டிருந்தபோது, காக்கையும் மரமும் மனிதரோடு பேசின. பேசின என்றால் ஞானமெல்லாம் இல்லை, நம்மைப் போல ஊர்வம்புதான். யார் வீட்டில் மீன் குழம்பு, யார் வீட்டில் சண்டை என்று காக்கை சொல்லும், மரம் கேட்டுக்கொண்டிருக்கும். தெருவில் இப்போதுபோல ஹாரன் சத்தம் கிடையாது. அதனால் அவை பேசுவது நம் காதிலும் விழுந்தது.

டிராம் நிறுத்தங்களுக்கு அப்போது பெயர்ப்பலகை இல்லை. கண்டக்டர் வாயால் கூவுவதுதான் பெயர். கிணறு கண்ணில் பட்டால் கிணறு, கோயில் தேர் கண்ணில் பட்டால் தேரடி. அப்படி ஒரு நிறுத்தத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. பொழுது சாய்ந்தால் இலையை மூடிக்கொள்ளும். கொஞ்சம் மேகம் கூடினாலும், இதுதான் சாக்கு என்று மூடிக்கொள்ளும். ஏகாம்பரம் என்ற கண்டக்டருக்கு அதைச் சீண்டாமல் போக முடியாது.

"இன்னா, பகல்லயே தூக்கமா? தூங்குமூஞ்சி மரம்! எறங்குறவங்கல்லாம் எறங்கு!" என்று கூவுவார்.

"நீ கத்துற கத்துக்கு எவன் தூங்குவான்?" என்று மரம் கொட்டாவி விடும்.

மரத்தடியில் செங்கேணி வேகவைத்த வேர்க்கடலை விற்றாள். மரத்துக்குப் பின்னால்தான் அவள் குடிசை. அம்மா அப்பா இல்லை. துரைக்கண்ணு என்று ஒரே தம்பி, அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். வளர்ந்ததும் அவன் பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறப் புறப்பட்டான். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது, விலாசம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கிளம்புகிற அன்று டிராமில் தொற்றிக்கொண்டு அவன் சொன்னான்:

"நீ அழாத அக்கா. கப்பல்லேர்ந்து எறங்கி நேரா டிராம் ஏறி, நம்ம மரத்தாண்ட வந்துருவேன். நீ மட்டும் எங்கியும் பூடாத."

அவள் எங்கும் போகவில்லை. வருஷங்கள்தான் போயின.

ஒருநாள் காக்கை பறந்து வந்து, சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், மரத்துக்கு நாள் குறித்தாயிற்று என்றது. செங்கேணி கடலைக் கூடையை அப்படியே வைத்துவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அன்று வானத்தில் மேகம் இருந்தும் மரம் இலையை மூடவில்லை. ஏகாம்பரத்தின் டிராம் வந்து நின்றதும் அவரைக் கூப்பிட்டது.

"எனக்கு வயசாயிடுச்சு ஏகாம்பரம், விழுந்தா விழுந்துட்டுப் போறேன். ஆனா தொரைக்கண்ணு வருவானே, அவனுக்கு என்னைத் தவிர வேற அடையாளம் தெரியாதே. நான் போன பின்னாலயும் நீ என் பேரைச் சொல்லு. அவன் கேட்டுட்டு எறங்கிக்குவான்."

"சொல்றேன்," என்றார் ஏகாம்பரம். அன்று அவர் சீண்டவில்லை.

மரம் விழுந்தது. குடிசைகளும் போயின. செங்கேணி வேறொரு சந்தில் ஒண்டிக்கொண்டு, தினமும் அதே இடத்துக்கு வந்து வெயிலில் கூடையை வைத்தாள். அங்கே மாடிக் கட்டடங்கள் முளைத்தன. பிறந்து வளர்ந்தவர்களுக்கே இடம் பிடிபடவில்லை. ஏகாம்பரம் மட்டும் வெறும் வெயிலைப் பார்த்து, "தூங்குமூஞ்சி மரம்!" என்று கூவிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து மற்ற கண்டக்டர்களும் கூவினார்கள்.

அப்புறம் வேதாசலம் என்று ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்தார். எல்லாம் முறைப்படி நடக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். "இல்லாத மரத்தைக் கூவினால் பட்டணத்துக்கு வருகிறவன் சிரிக்கமாட்டானா? இனிமேல் இது அகலச் சாலை. மாற்றிச் சொல்கிறவனுக்கு வேலை இல்லை" என்று உத்தரவு போட்டார். ஏகாம்பரத்துக்கும் குடும்பம் இருந்தது, அவரும் அடங்கிப் போனார். "அகலச் சாலை!" என்று முனகுவார். செங்கேணி இருக்கும் பக்கம் மட்டும் திரும்பமாட்டார்.

ஒரு மாலை, கப்பல் வந்திருந்த நாள். டிராமில் ரங்கூனிலிருந்து வந்தவர்கள் தகரப் பெட்டியும் மூட்டையுமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் வேதாசலமும் ஏறியிருந்தார். காக்கை பதறிக்கொண்டு வந்து ஜன்னல் கம்பியில் உட்கார்ந்தது.

"ஏகாம்பரம்! துறைமுகத்துல ஒருத்தன் பாக்கிறவங்ககிட்டல்லாம் தூங்குமூஞ்சி மரம் எங்கன்னு கேட்டான். அப்படி ஒரு இடமே இல்லன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. கடைசி வரைக்கும் போயிப் பாத்துட்டு, இல்லன்னா திரும்பிக் கப்பலேறிடுறேன்னு சொல்லி உன் வண்டியிலதான் ஏறினான்."

"எவன்னு காட்டு!"

காக்கை கூட்டத்தைத் தலை சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. "எங்க காட்டறது? எனக்கு மனுஷங்க அத்தினி பேரும் ஒரே மாதிரிதான் இருக்கீங்க."

நிறுத்தம் நெருங்கியது. தூரத்தில் செங்கேணி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்புவது தெரிந்தது. ஏகாம்பரத்துக்கு ஒரு பக்கம் வேலை, வீட்டில் அவர் சம்பளத்தை நம்பி இருப்பவர்கள். இன்னொரு பக்கம், இந்தக் கூட்டத்தில் எவனென்று தெரியாத ஒருவன், வெளியே எட்டி எட்டிப் பார்த்து இல்லாத மரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். அவர் மணிக்கயிற்றை இழுத்தார். தொண்டை கிழியக் கூவினார்.

"தூங்குமூஞ்சி மரம்! தூங்குமூஞ்சி மரம்! எறங்குறவங்கல்லாம் எறங்கு!"

"எங்கேய்யா மரம்? காட்டு எனக்கு!" என்று வேதாசலம் சீறினார்.

"மரம் இல்லீங்க ஐயா. அதைத் தேடி வந்த ஆளு வண்டியில இருக்கான்."

அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து நரைக்கத் தொடங்கிய ஒருவன் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து குதித்தான். மரத்தைத் தேடி மேலே பார்த்தான், வானம்தான் இருந்தது. ஆனால் கூவலைக் கேட்டு நின்றுவிட்ட செங்கேணி அவனைப் பார்த்துவிட்டாள். கூடை கீழே விழுந்து கடலை தண்டவாளமெல்லாம் சிதறியது.

"இவ்ளோ நாளாடா?" என்றாள்.

"மரத்தக் காணமே அக்கா, நீயும் பூட்டேன்னு நெனச்சுட்டேன்," என்று அவன் நடுரோட்டிலேயே உட்கார்ந்து அழுதான். டிராமில் இருந்தவர்களும் அழுதார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

ஏகாம்பரத்துக்கு வேலை போனது. வேதாசலம் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். ஆனால் மறுநாள் காலை முதல் வண்டியின் கண்டக்டர் அந்த இடத்தில் "தூங்குமூஞ்சி மரம்!" என்று கூவினார். அடுத்த வண்டியும் அதையே கூவியது, அதற்கடுத்ததும். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினால் டிராமை யார் ஓட்டுவது? வேதாசலம் ஒரு வாரம் முறைத்துப் பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தின் வீட்டுக்கு ஆளனுப்பி, "வந்து தொலை" என்றார்.

டிராம் போய் பஸ் வந்தது, பஸ்ஸிலும் அதையேதான் கூவினார்கள். சுரங்கம் தோண்டி மெட்ரோ நிலையம் கட்டியபோது, கௌரவமாக ஒரு பெயர் வைக்கலாமே என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். பேட்டைக்காரர்கள் ஒரே பிடியாக மறுத்துவிட்டார்கள். இப்போது பூமிக்கு அடியில், ஒரு புல்கூட முளைக்க முடியாத இடத்தில், "அடுத்த நிலையம் தூங்குமூஞ்சி மரம்" என்று ஒரு பெண்குரல் மெல்லச் சொல்கிறது. புதிதாக வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் ஒவ்வொரு தடவையும் கதவு திறந்ததும் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன்.

அக்காவும் தம்பியும் சேர்ந்த அன்று முதல்தான், கிணற்றைத் தூர்த்தாலும் கொட்டகையை இடித்தாலும், எங்கள் ஊர்க்காரர்கள் நிறுத்தத்தின் பழைய பெயரை மட்டும் விடுவதே இல்லை. அந்தப் பெயரைக் கேட்டு இறங்க வேண்டியவர் யாராவது இன்னும் வழியில் இருக்கலாம்.