அரைக்கிணற்றுப்பட்டியின் இடைநிலை அளவு

முட்டாள்கள் என்றால் படிக்காதவர்கள் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அரைக்கிணற்றுப்பட்டி உயர்நிலைப் பள்ளி அந்த நினைப்பைத் திருத்தியது. அங்கே மூன்று முட்டாள்கள் இருந்தார்கள். மூவரும் பட்டதாரிகள். தலைமையாசிரியர் வைத்திலிங்கம், கணக்கு வாத்தியார் அருமைநாயகம், விளையாட்டு வாத்தியார் துரைக்கண்ணு. தாளில் அச்சாகி வந்த எதையும் மூவரும் சந்தேகிக்க மாட்டார்கள். அதை யோசித்துப் பார்ப்பதும் ஒருவகைச் சந்தேகம்தான் என்பதால் யோசிக்கவும் மாட்டார்கள்.

பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பத்தாம் வகுப்பு மாணவர்கள் புள்ளியியலில் பலவீனமாக இருக்கிறார்கள், முகடு, இடைநிலை, சராசரி எல்லாவற்றையும் மீள்பார்வை செய்யவும் என்றது. ஒவ்வொன்றுக்கும் சில வரி விளக்கம் கொடுத்திருந்தார்கள். வினை அந்த வரிகளில்தான் வந்தது.

'முகடு என்பது அதிகமுறை வரும் மதிப்பு' என்று முதலில் இருந்தது. அருமைநாயகம் வகுப்புக்குப் போய், "வீச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார். முப்பது பேரில் இருபத்து நாலு பேர் "தெரியாது சார்" என்றார்கள். ஐந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெண்மதி என்ற பெண் மட்டும் எழுந்து, "பெரிய எண்ணுல இருந்து சின்ன எண்ணைக் கழிக்கணும் சார்" என்றாள்.

அருமைநாயகம் பலகையில் 'விடை: தெரியாது' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"சார், அது விடை இல்லையே."

"இருபத்து நாலு பேர் சொன்னது விடை இல்லையாம், ஒருத்தி சொன்னது விடையாம். உட்காரும்மா."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். இது இரண்டு மதிப்பெண் கேள்வியா, ஐந்து மதிப்பெண் கேள்வியா என்று ஒருவன் மட்டும் கேட்டான்.

அடுத்த வரி, 'தரவுகளை ஏறுவரிசையில் நிறுத்தவும்.' துரைக்கண்ணு விசில் ஊதி முப்பது பேரையும் மாதிரித் தேர்வு மதிப்பெண்படி மைதானத்தில் நிறுத்தினார். இந்தக் கோடியில் நாலு மதிப்பெண் எடுத்தவன், அந்தக் கோடியில் தொண்ணூற்றேழு எடுத்த வெண்மதி. பங்குனி வெயிலில் ஒருவன் மயங்கி விழுந்தான். துரைக்கண்ணு ஓடிப் போய், அவன் விழுந்த இடத்திலேயே தூக்கி நிறுத்தினார். தரவு இடம் மாறக் கூடாதல்லவா.

வைத்திலிங்கம் அடுத்த வரியை மூன்று முறை படித்தார். 'நடுவில் உள்ள மதிப்பு, தொகுப்பு முழுவதையும் பிரதிநிதிப்படுத்தும்.'

"அப்படின்னா முப்பது பேரும் எதுக்கய்யா கணக்குப் பரீட்சை எழுதணும்? நடுவுல நிக்கிறவன் எழுதினா எல்லாரும் எழுதின மாதிரிதானே?"

"மேலிடமே சொல்லுது சார்," என்றார் அருமைநாயகம்.

"பெஞ்சும் மிச்சம்," என்றார் துரைக்கண்ணு.

ஆனால் முப்பது இரட்டைப்படை. நடுவில் இரண்டு பேர் நின்றார்கள். இருபத்தொன்பது எடுத்த இசக்கிராஜா, முப்பத்தொன்று எடுத்த கருத்தபாண்டி. அப்படி வந்தால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும் என்றது சுற்றறிக்கை.

"கூட்டுறது சுலபம் சார். ஒரே பெஞ்சுல உட்கார வச்சிடலாம். வகுக்கிறதுதான் யோசனையா இருக்கு," என்றார் அருமைநாயகம்.

"பாதி இவன், பாதி அவன். கை கருத்தபாண்டியோடது, மூளை இசக்கிராஜாவோடது," என்றார் வைத்திலிங்கம்.

"மூளையை எதுக்கு சார் வகுக்கணும்? ரெண்டு பேருக்கும் சேர்த்தே பாதிதான இருக்கு," என்றார் துரைக்கண்ணு.

பரீட்சித்துப் பார்த்தார்கள். ஒரு எழுத்து இவன், அடுத்த எழுத்து அவன் என்று பேனாவை மாற்றி மாற்றிப் பிடித்து எழுதியதில், ஒரு மணி நேரத்தில் பள்ளியின் பெயர் முக்கால்வாசி வந்தது.

ஒருவரைக் கழித்தால் ஒற்றைப்படை ஆகிவிடும். யாரை? அதற்கும் வரி இருந்தது. 'கூட்டத்திலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும் மதிப்பு பிழையாக இருக்கலாம். அதை நீக்கிவிட்டுத் தனியே ஆராயவும்.' வெண்மதிக்கு அடுத்து நின்றவன் எடுத்தது நாற்பத்தொன்று. மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய ஹால் டிக்கெட் அன்றே தலைமையாசிரியரின் பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

இதில் சிரிக்க முடியாதவள் ஒருத்தி உண்டு. வெண்மதியின் அம்மா பேச்சித்தாய், தீப்பெட்டி ஆலைக்குப் போகிறவள். மகள் கணக்குப் பரீட்சை எழுதாவிட்டால் ஜூன் மாதம் அதே ஆலை வேனில் அவளும் ஏற வேண்டியதுதான். மறுநாள் வேலையைப் போட்டுவிட்டு மகளையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தாள்.

"எம் பிள்ளை என்ன சார் தப்பு பண்ணுச்சு?"

"தப்பு ஒண்ணும் பண்ணலம்மா," என்றார் வைத்திலிங்கம் கனிவாக. "அவளே தப்பு."

"படிக்கிறது தப்பா?"

"படிக்கலாம். யாரு வேண்டாங்கிறா? நாப்பது நாப்பத்தஞ்சு வரைக்கும் படிக்கலாம். அதுக்கு மேல போனா வரிசையோட ஒட்ட மாட்டேங்குதே."

பேச்சித்தாய் மூவரையும் மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப வாத்திமாரு மூணு பேரும் வரிசையா நில்லுங்க. நடுவுல நிக்கிறவருக்கு மட்டும் சம்பளம் கொடுத்தா எல்லாருக்கும் கொடுத்த மாதிரின்னு மேலிடத்துக்கு நானும் ஒரு மனு போடுறேன்."

மூவரும் உயரப்படி நின்று பார்த்தார்கள். நடுவில் வந்த அருமைநாயகம் புன்னகைத்தார். மற்ற இருவருக்கும் வாழ்க்கையில் முதல்முறையாகப் புள்ளியியலில் ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் சுற்றறிக்கை மேஜைமேல் இருந்தது. சந்தேகம் அடங்கிவிட்டது.

அம்மா கத்துவதற்கு மூச்சு வாங்கிய இடைவெளியில் வெண்மதி அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். "சார், 'நீக்கிவிட்டுத் தனியே ஆராயவும்'னு போட்டிருக்கே. நீக்கிட்டீங்க. ஆராயலையே?"

வைத்திலிங்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆமாய்யா, விட்டுட்டோமே! எப்படிம்மா ஆராயறது?"

"தனி ரூம்ல உட்கார வச்சு, ஹால் டிக்கெட்டைக் கொடுத்து, கேள்வித்தாளைக் கொடுத்தா ஆராய்ஞ்ச மாதிரிதான் சார்."

"இவ்வளவு தெளிவா யோசிக்கிற பொண்ணு," என்றார் அருமைநாயகம் வருத்தத்தோடு, "பிழையாப் போயிட்டாளே."

கணக்குப் பரீட்சையன்று வெண்மதி தனி அறையில் எழுதினாள். எதிர் அறையில், அவளைக் கழித்தபின் நடுவில் வந்த இசக்கிராஜா வகுப்பு மொத்தத்துக்கும் சேர்த்து எழுதினான். மீதி இருபத்தெட்டுப் பேரும் வெளியே நின்று அவனைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். "எனக்கும் சேர்த்து நல்லா எழுதுடா" என்றான் கருத்தபாண்டி. வீட்டுக்குப் போனதும் அவன் அப்பா, "பரீட்சை எப்படி எழுதினே?" என்று கேட்க, "இன்னும் இசக்கிராஜாவைப் பார்க்கலப்பா" என்றான்.

முடிவு வந்தது. வெண்மதி தொண்ணூற்றொன்பது. இசக்கிராஜா அதே பழைய இருபத்தொன்பது. பேச்சித்தாய் மகளின் மதிப்பெண் பட்டியலைப் பிடுங்காத குறையாக வாங்கி, இவர்கள் மறுபடியும் ஆராய ஆரம்பிக்குமுன் அடுத்த பஸ்ஸிலேயே அவளை டவுன் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

பள்ளியில் மூவரும் கூடி உட்கார்ந்தார்கள். சுற்றறிக்கையில் கடைசி வரி பாக்கி இருந்தது. 'சராசரி காண்க.' அருமைநாயகம் இரண்டு எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தார். அறுபத்து நாலு வந்தது.

"அறுபத்து நாலா!" வைத்திலிங்கம் எழுந்து நின்றுவிட்டார். "யாருய்யா அந்தப் பையன்?"

பதிவேட்டில் தேடினார்கள், கிடைக்கவில்லை. இப்படி அடக்கமாகப் படித்தவனைச் சும்மா விடக் கூடாது என்று விழா ஏற்பாடு செய்தார்கள். சால்வை வந்தது, மைக் செட் வந்தது. "அறுபத்து நாலு எடுத்த மாணவர் மேடைக்கு வரவும்" என்று துரைக்கண்ணு மூன்று முறை அழைத்தார். ஊரே திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாரும் வரவில்லை.

"நாலு மார்க் கூட எடுத்துட்டா எல்லாருக்கும் திமிர் வந்துடுது," என்றார் வைத்திலிங்கம். பதிவேட்டில் முப்பத்தோராவது வரிசையில் பெயருக்கு இடம் விட்டு ஆப்சென்ட் போட்டார். அவன் பெற்றோரைக் கையோடு அழைத்து வரச் சொல்லித் துரைக்கண்ணுவைச் சைக்கிளில் அனுப்பினார்.

துரைக்கண்ணு வியர்த்து விறுவிறுத்துச் சாயங்காலம் திரும்பி வந்தார்.

"வீடு பூட்டிக் கிடக்கு சார்."